'ரைட் ஆஃப்' ஆச்சுன்னா கடன் போச்சுன்னு அர்த்தமா? சம்பளக்காரங்களுக்குத் தேவையான இங்கிலீஷ்

தமிழ்ல 'தள்ளுபடி'ன்னு ஒரு சொல் இருக்கு. கோ-ஆப்டெக்ஸ்ல தீபாவளித் தள்ளுபடி. கோர்ட்ல மனு தள்ளுபடி. கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் தள்ளுபடி. நியூஸ்ல 'வங்கிகள் பல்லாயிரம் கோடி வாராக்கடன் தள்ளுபடி'. நாலும் நாலு வேற விஷயம். ஆனா சொல் ஒண்ணுதான். இதுல கடைசி ரெண்டையும் ஒண்ணா நினைக்கறதுதான் இன்னிக்கு நிறைய பேருக்குக் காசு செலவு வைக்குது.

நம்ம கடலூர் மாவட்டம் அண்ணாகிராமம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி, இப்போ சென்னையில வேலை பார்க்கறார், தன்னோட கிரெடிட் ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தார். பழைய கிரெடிட் கார்டு ஒண்ணுக்கு நேரா 'ரிட்டன் ஆஃப்'ன்னு இருக்கு. அவர் கேட்ட கேள்வி: 'அண்ணா, கடன்தான் தள்ளுபடி ஆயிடுச்சே, அப்புறம் ஏன் பைக் லோன் ரிஜெக்ட் ஆகுது?'

இது இங்கிலீஷ் கேள்வி. ஆனா விடை அவர் பர்ஸுல இருக்கு. அதனாலதான் இந்தத் தடவை வரி, மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு, நம்ம பேங்க் லெட்டர்லயும் ஹெச்.ஆர். மெயில்லயும் வர்ற இங்கிலீஷ் பேச்சு வழக்குகளைப் பத்தி எழுதறேன்.

முதல்ல அந்தத் தம்பியோட விஷயம். பயிர்க்கடன் தள்ளுபடிக்கு இங்கிலீஷ்ல 'வேவர்'. 2006-ல ஆட்சிக்கு வந்ததும் கலைஞர் கூட்டுறவுப் பயிர்க்கடனுக்குச் செஞ்சது, 2008-ல மத்திய அரசு செஞ்சது, 2021 பிப்ரவரியில எடப்பாடி பழனிசாமி அறிவிச்ச ரூ.12,110 கோடி, எல்லாமே வேவர். அதாவது விவசாயி கட்டவேண்டியதை அரசு ஏத்துக்குது, விவசாயிக்குக் கடன் இல்ல. கணக்கு முடிஞ்சுது.

'ரைட் ஆஃப்' அப்படி இல்ல. ரொம்ப நாளா வராத கடனை 'இது நம்ம சொத்து'ன்னு பேங்க் தன் பேலன்ஸ் ஷீட்ல காட்டிக்கிட்டே இருக்க முடியாது. அதனால தன் புத்தகத்துல இருந்து எடுத்துடுது. அவ்வளவுதான். எடுத்தது பேங்க் புத்தகத்துல இருந்து, உங்க தலையில இருந்து இல்ல. 2023 ஜூன்ல ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இதைத் தெளிவாவே சொல்லுது: டெக்னிக்கல் ரைட் ஆஃப்ங்கறது கணக்கு வசதிக்காக மட்டும், கடன் வாங்கினவர் மேல இருக்கற உரிமையை பேங்க் விட்டுக் கொடுக்கல, வசூலும் நிக்காது. ஏஜென்ட் போன் பண்ணலாம், கேஸ் போடலாம், அந்தக் கடனை வேற கம்பெனிக்கு விக்கலாம். கிரெடிட் ரிப்போர்ட்ல இருக்கறதுலயே மோசமான முத்திரைகள்ல இது ஒண்ணு. அடுத்த பேங்க்காரர் அதை 'இவர் கட்டல, முந்தின பேங்க் நம்பிக்கை இழந்துடுச்சு'ன்னுதான் படிப்பார்.

(சைடுல ஒண்ணு. நம்ம ஊர்ல 'வேவ் ஆஃப்'ன்னு சொல்றோம். இங்கிலீஷ்காரங்களுக்கு வெறும் 'வேவ்' போதும். அந்த 'ஆஃப்' நாம ஒட்டினது, 'ரைட் ஆஃப்'-ஐப் பார்த்து ஒட்டியிருப்போம்னு எனக்குத் தோணும். ரெண்டும் ஒண்ணுன்னு குழம்ப அதுவும் ஒரு காரணம்.)

இதைவிட ஆபத்தான சொல் 'செட்டில்ட்'. ஏன்னா நம்ம வாயில 'செட்டில்'ங்கறது நல்ல சொல். 'பையன் லைஃப்ல செட்டில் ஆயிட்டான்', 'கணக்கை செட்டில் பண்ணிட்டேன்', வேலையை விட்டா 'ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட்'. எல்லாமே நல்லபடியா முடிஞ்சதுன்னு அர்த்தம். வசூல் ஏஜென்ட்டுக்கு இது நல்லாத் தெரியும். 'சார், 60,000 பாக்கி. 25,000 கட்டினீங்கன்னா இன்னிக்கே செட்டில் பண்ணிடலாம்'னு பேசுவார். கேக்கறதுக்கு இனிப்பா இருக்கும். கட்டிடுவீங்க. ரிப்போர்ட்ல 'செட்டில்ட்'ன்னு விழும். அதுக்கு அர்த்தம், முழுசாக் கட்டல, பேங்க் நஷ்டத்தோட ஒத்துக்கிச்சு. முழுசாக் கட்டி முடிச்சதுக்கு வர்ற சொல் 'க்ளோஸ்டு'. ரெண்டுக்கும் நடுவுல உங்க ஹோம் லோன் இருக்கு.

அப்போ செட்டில்மென்ட்டே பண்ணக்கூடாதான்னா, அப்படியும் இல்ல. வேலை போச்சு, வீட்ல மருத்துவச் செலவு, வட்டி ஏறிக்கிட்டே போகுது, வேற வழி இல்லன்னா செட்டில்மென்ட் நியாயமான வழிதான். தெரிஞ்சே பண்ணுங்க. காசு கட்டறதுக்கு முன்னாடி பேங்க் லெட்டர்ஹெட்ல கடிதம் வாங்குங்க. வாட்ஸ்அப் மெசேஜ் கடிதம் ஆகாது. கட்டின பிறகு 'நோ டியூஸ்' சான்றிதழ் வாங்குங்க. அப்புறம் கை நிமிர்ந்ததும் விட்ட மீதியைக் கட்டி, 'க்ளோஸ்டு'ன்னு மாத்தித் தரச் சொல்லி எழுத்துல கேக்கலாம். ரிப்போர்ட்டே தப்பா இருந்தா புகார் போடுங்க. 30 நாள்ல சரிபண்ணலன்னா அதுக்கு மேல நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க், நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். அதுக்குக் காசு கொடுத்து ஆப் வாங்காதீங்க.

சரி, இந்தச் சொற்கள் ஏன் நம்மளை இப்படி ஏமாத்துது? இங்கிலீஷ் தெரியாததாலயா? இல்ல. 'ரைட்' தெரியும், 'ஆஃப்' தெரியும். ரெண்டும் சேர்ந்தா வர்ற அர்த்தம் தெரியாது. இதைத்தான் ஃப்ரேசல் வெர்ப்னு சொல்றாங்க. இது ஏதோ வெள்ளைக்காரங்க கண்டுபிடிச்ச கஷ்டம்னு நினைக்காதீங்க. நம்ம வீட்லயே இருக்கு. 'தள்ளு'ன்னா எல்லாருக்கும் தெரியும். 'தள்ளிப் போடு'ன்னா ஒத்திவை. 'தள்ளி வை'ன்னா ஊரை விட்டு விலக்கு. 'போட்டுக் கொடு'ன்னா மாட்டி விடு, அதுல போடறதும் இல்ல, கொடுக்கறதும் இல்ல. தமிழ் கத்துக்கற ஒரு வெளிநாட்டுக்காரருக்கு இதை விளக்கிப் பாருங்க, அப்போ புரியும் 'பே ஆஃப்', 'பே டவுன்', 'பே அப்' ஏன் நமக்குக் குழப்புதுன்னு.

இடியமும் அதே கதைதான். 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்'னா திவால்னு நம்ம ஊர்ல யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. பண்ருட்டி பஜார்ல 'ஐ.பி. கொடுத்துட்டார்'னு சொன்னா பெரியவங்களுக்கு உடனே விளங்கும். அது இன்சால்வன்சி பெட்டிஷன்ங்கற இங்கிலீஷ் சொல்லோட சுருக்கம். இங்கிலீஷே படிக்காத வியாபாரிக்கும் அது தெரியும். ஏன்னா அதுல அவர் காசு மாட்டியிருக்கும். காசு மாட்டின சொல் மறக்காது. அதனால நீங்களும் '1000 இடியம்ஸ்' பிடிஎஃப்-ஐ டவுன்லோட் பண்றதை விட்டுட்டு, உங்க காசு மாட்டியிருக்கற பேப்பரை எடுத்துப் படிங்கன்னு சொல்வேன். 'மழை பூனையும் நாயுமாப் பெய்யுது'ன்னு எந்த மேனேஜரும் உங்ககிட்ட சொல்லப்போறதில்ல.

கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட்ல இருந்து ஆரம்பிப்போம். 'பே ஆஃப்'னா மொத்தத்தையும் கட்டி முடிக்கறது. 'பே டவுன்'னா கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கறது. 'ரோல் ஓவர்'னா இந்த மாச பாக்கியை அடுத்த மாசத்துக்கு உருட்டி விடறது. 'மினிமம் டியூ' கட்டினா நீங்க பண்றது மூணாவது. ஆனா நிறைய பேர் முதலாவதுன்னு நினைச்சுக்கறாங்க, ஏன்னா லேட் ஃபீ வரல, போன் வரல, எல்லாம் அமைதியா இருக்கு.

கணக்குப் போட்டுப் பாருங்க. பில் ரூ.50,000. மினிமம் 5 சதவீதம்னா ரூ.2,500 கட்டறீங்க. மீதி 47,500. மாசத்துக்கு 3.5 சதவீதம் வட்டின்னு வச்சுக்கிட்டா ரூ.1,662. வட்டி மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, ரூ.299. அடுத்த மாசம் பாக்கி ரூ.49,461. 2,500 கட்டினதுல கடன் குறைஞ்சது 539 ரூபாய்தான். நிஜத்துல இன்னும் மோசம். முழுசாக் கட்டலன்னா வட்டி நீங்க பொருள் வாங்கின தேதியில இருந்தே ஓடும், புதுசா வாங்கறதுக்கும் அந்த 45 நாள் வட்டியில்லாச் சலுகை போயிடும். வருஷத்துக்கு 42 சதவீதம். ஊர்ல கந்துவட்டின்னு நாம திட்டறது மூணு வட்டி, நாலு வட்டி. மூணு வட்டின்னா வருஷத்துக்கு 36.

அடுத்து 'ஃபோர்க்ளோஷர்'. இது எனக்குப் பிடிச்ச சொல், ஏன்னா ஊருக்கு ஊர் அர்த்தம் தலைகீழா மாறுது. அமெரிக்க வீடியோ பார்க்கறவங்களுக்கு ஃபோர்க்ளோஷர்னா கடன் கட்டாதவர் வீட்டை பேங்க் பிடுங்கறது. 2008 நெருக்கடி பத்தின படங்கள்ல எல்லாம் இதுதான். நம்ம பேங்க்ல 'ஃபோர்க்ளோஷர் லெட்டர் வேணும்'னு கேட்டா, கடனை நாமளே முன்கூட்டிக் கட்டி முடிக்கறதுக்கான கணக்கு. நல்ல விஷயம். தனிநபர்கள் தொழிலுக்கு இல்லாம வாங்கின ஃப்ளோட்டிங் வட்டி வீட்டுக் கடனுக்கு இதுக்காக அபராதம் வாங்கக்கூடாது. பர்சனல் லோன் பெரும்பாலும் ஃபிக்ஸட் வட்டி, அதனால அங்க கட்டணம் இருக்கலாம், அதுக்கும் ஜிஎஸ்டி உண்டு. போனஸ் வந்த சந்தோஷத்துல கட்டப் போறதுக்கு முன்னாடி இதைப் பார்த்துக்கோங்க.

வரி பக்கம் வந்தா ரெண்டு சொல்: 'செட் ஆஃப்', 'கேரி ஃபார்வர்டு'. ஸ்கூல்ல 'செட் ஆஃப்'னா பயணம் கிளம்பறதுன்னு படிச்சிருப்பீங்க. வரியில அது ஒரு இடத்து நஷ்டத்தை இன்னொரு இடத்து லாபத்துல கழிச்சு கணக்கை நேர் பண்றது. எதை எதுல கழிக்கலாம்ங்கறதுதான் விஷயம். ஷேர்ல குறுகிய கால நஷ்டம்னா குறுகிய கால லாபத்துலயும் நீண்ட கால லாபத்துலயும் கழிக்கலாம். நீண்ட கால நஷ்டத்தை நீண்ட கால லாபத்துல மட்டும்தான். எஃப் அண்ட் ஓ-ல விட்டதை சம்பளத்துல கழிக்கவே முடியாது. 'அண்ணா, ஆப்ஷன்ல 80,000 போச்சு, டிடிஎஸ் ரீஃபண்ட் வருமா'ன்னு வர்ற எல்லா மெசேஜுக்கும் இதுதான் பதில்.

இந்த வருஷம் கழிக்க லாபமே இல்லன்னா மீதி நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குத் தூக்கிட்டுப் போறது 'கேரி ஃபார்வர்டு'. ஷேர் நஷ்டத்தை எட்டு வருஷம் வரை வச்சுக்கலாம். அடுத்த வருஷ ரிட்டர்ன்ல அதே நஷ்டம் 'புராட் ஃபார்வர்டு'ன்னு வேற பேர்ல வரும். மளிகைக் கடை நோட்டுல மேல எழுதுவாங்களே 'பழைய பாக்கி', அதேதான். பயப்பட வேண்டாம். ஆனா ஒரு நிபந்தனை: ரிட்டர்னை கெடு தேதிக்குள்ள போட்டிருக்கணும். சம்பளக்காரங்களுக்கு வழக்கமா ஜூலை 31. ஆகஸ்ட்ல போட்டா ரிட்டர்ன் ஏத்துக்குவாங்க, ஷேர் நஷ்டத்தைத் தூக்கிட்டுப் போக விடமாட்டாங்க.

அதே 'செட் ஆஃப்' பேங்க் நோட்டீஸ்ல வந்தா ஜாக்கிரதை. 'வீ ஷேல் செட் ஆஃப்'னு எழுதியிருந்தா, உங்க கார்டு பாக்கியை உங்க சேவிங்ஸ் அக்கவுண்ட்ல இருந்து எடுத்து நேர் பண்ணிக்கப் போறாங்கன்னு அர்த்தம். சம்பளம் விழற பேங்க்கும் பாக்கி இருக்கற கார்டும் ஒரே பேங்க்னா இது நடக்க வாய்ப்பு உண்டு. கிளம்பறாங்கதான், உங்க காசோட.

ஜாமீன் கையெழுத்துப் பத்தி ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கறேன். கேரண்டி பத்திரத்துல 'ஜாயிண்ட்லி அண்ட் செவரலி'ன்னு இருக்கும். தமிழ்ப் பத்திரத்துல 'கூட்டாகவும் தனித்தனியாகவும்'. இதைப் படிச்சுட்டு, 'தனித்தனியா'ன்னா மூணு பேருக்கு ஆளுக்கு மூணுல ஒரு பங்குதானேன்னு நினைச்சுக் கையெழுத்துப் போடறவங்க உண்டு. இல்ல. ஒவ்வொருத்தரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. 1872-ம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தோட 128-வது பிரிவுப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதாத வரை, ஜாமீன்தாரர் பொறுப்பு கடன் வாங்கினவர் பொறுப்போட அளவுக்கே இருக்கும். மாமா பையன் கடனுக்கு 'ஸ்டாண்ட் கேரண்டி' பண்ணச் சொன்னா, அங்க 'ஸ்டாண்ட்'ங்கறது சும்மா நிக்கறது இல்ல. அவர் கட்டலன்னா நீங்க முழுசாக் கட்டறது. உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் அந்தக் கடன் தெரியும்.

ஆஃபர் லெட்டர் பக்கம் வேகமாப் போயிடறேன். 'அப் டு 15 பெர்சன்ட் வேரியபிள்'னா 15 வரும்னு அர்த்தம் இல்ல, 15-ஐத் தாண்டாதுன்னு அர்த்தம். பூஜ்யமும் அதுக்குள்ள அடக்கம். 'இன் லியூ ஆஃப் நோட்டீஸ்'னா நோட்டீஸ் நாளுக்குப் பதிலாப் பணம். பேசிக் சம்பளமா, மொத்தச் சம்பளமான்னு அடுத்த சொல்லைப் பாருங்க, தொகை ரெண்டு மடங்கு மாறும். 'க்ளா பேக்'னா கொடுத்ததை நகம் போட்டுத் திரும்ப இழுக்கறது. ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ்ல, 20 சதவீத வரி அடுக்குல இருக்கறவருக்கு செஸ்ஸோட 20,800 பிடிச்சு 79,200 கைக்கு வரும். வருஷம் முடியறதுக்குள்ள வேலையை விட்டா கம்பெனி முழு ஒரு லட்சத்தையும் கேக்கலாம். அதே நிதியாண்டுக்குள்ளன்னா டிடிஎஸ்-ஐ சரிபண்ண கம்பெனிக்கு வழி இருக்கும். மார்ச் 31 தாண்டிட்டா பெரிய இழுபறி. கையெழுத்துக்கு முன்னாடியே 'கிராஸா, நெட்டா'ன்னு மெயில்ல கேட்டுடுங்க.

அப்படிக் கேக்கும்போது 'ப்ளீஸ் ரிவர்ட்'னு முடிப்பீங்க. இந்தியாவுல அதுக்கு 'பதில் சொல்லுங்க'ன்னு அர்த்தம். வெளிநாட்டு மேனேஜருக்கு அது 'பழைய நிலைக்குத் திரும்பு'. 'ப்ளீஸ் ரிப்ளை'ன்னா ரெண்டு பேருக்கும் புரியும். 'டூ த நீட்ஃபுல்' மேல எனக்குக் கோபம் எதுவும் இல்ல. அரசு அலுவலகத்துக்கு எழுதற கடிதத்துல அது இன்னும் நல்லாவே வேலை செய்யுது.

லோன் ஆப்கள்ல ரெண்டு சொல் உங்களுக்குச் சாதகமா இருக்கு, அதைச் சொல்லிடறேன். ஒண்ணு 'ஆப்ட் அவுட்'. கடனோட சேர்த்து இன்சூரன்ஸ் டிக் ஏற்கெனவே போட்டிருக்கும்; வேண்டாம்னு எடுக்கற உரிமைதான் இது. கீழ சின்ன எழுத்துல இருக்கும், தேடுங்க. இன்னொண்ணு 'கூலிங் ஆஃப் பீரியட்'. சூடு ஆறற நேரம். ராத்திரி பதினொரு மணிக்கு அவசரப்பட்டு ஆப்ல கடன் எடுத்துட்டீங்க, காலையில மனசு மாறிடுச்சு. அந்தக் காலத்துக்குள்ள அசலையும் அத்தனை நாள் வட்டியையும் கட்டிட்டு அபராதம் இல்லாம வெளிய வந்துடலாம். எத்தனை நாள்ங்கறது கேஎஃப்எஸ்-ல, அதாவது கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்ல, எழுதியிருக்கணும்.

இந்த கேஎஃப்எஸ் 2024 அக்டோபர் 1-ல இருந்து எல்லா சில்லறைக் கடனுக்கும் கட்டாயம். மொத்தச் செலவையும் சேர்த்து வருஷ வட்டி எவ்வளவு, என்னென்ன கட்டணம், ஏஜென்ட் யார்னு எல்லாம் அதுல வரணும். இதுல நிறைய பேருக்குத் தெரியாத ஒரு வரி இருக்கு: கடன் வாங்கறவருக்குப் புரியற மொழியில அதைத் தரணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. ஏழு நாளோ அதுக்கு மேலயோ உள்ள கடன்னா, அதைப் படிச்சு யோசிக்கக் குறைஞ்சது மூணு வேலை நாள் டைமும் தரணும். 'தமிழ்ல கேஎஃப்எஸ் கொடுங்க'ன்னு கேக்கறது இங்கிலீஷ் தெரியாததோட அடையாளம் இல்ல. நான் இங்கிலீஷ்ல பரீட்சை எழுதி சி.ஏ. ஆனவன், எங்க வீட்ல கடன் வாங்கினா அப்பா படிக்கறதுக்குத் தமிழ்லதான் கேப்பேன்.

இந்த வாரம் உங்க கையில இருக்கற மூணு பேப்பரை எடுங்க: ஆஃபர் லெட்டர், கார்டு ஸ்டேட்மென்ட், ஏதாவது ஒரு லோன் அக்ரிமென்ட். சின்ன வினையும் கூட ஒரு 'ஆஃப், அப், டவுன், ஓவர், பேக்'கும் ஒட்டி வர்ற இடத்தை எல்லாம் அடிக்கோடு போடுங்க. இருபதுக்கு மேல தேறாது. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல 'இதுல காசு யார்கிட்ட இருந்து யார்கிட்ட போகுது'ன்னு தமிழ்ல எழுதுங்க. எழுத முடியாத சொல் எதுவோ, அதை மட்டும் கேளுங்க. அடுத்த ஞாயிறு வீடியோவுல ஒரு ஆஃபர் லெட்டரை வரி வரியாப் படிக்கப் போறோம். அனுப்பறவங்க உங்க பேரு, கம்பெனி பேரு, சம்பளத் தொகை மூணையும் மறைச்சுட்டு அனுப்புங்க.